சேதி சொல்லப் போனவள்

ஃப்ரீசர் பெட்டியின் ஒயர் எட்டவில்லை. ஹாலில் இருந்த ஒரே பிளக் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பாவைத் தெற்கே தலை வைத்துத்தான் கிடத்த வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதால் பெட்டி எதிர்ச் சுவரோரம் போயிருந்தது. பெட்டி கொண்டுவந்த ஆள் ஒயரைக் கையில் பிடித்தபடி அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, "எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்காக்கா?" என்று செல்வலட்சுமியிடம் கேட்டான். இருந்தது. துணி தேய்ப்பதற்கென்று அப்பாதான் வாங்கியிருந்தார். அது எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். அவள் பெட்டிப் பக்கம் திரும்பி "அப்பா, அந்த..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். நல்லவேளை, அழுகைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

கடைசியில் பீரோவுக்கு மேல், பழைய காலண்டர்களுக்குப் பின்னால் அது கிடைத்தது. பெட்டி உறும ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் குருசாமி நெற்றியில் திருநீறும் மூக்கில் பஞ்சுமாகக் கிடந்தார். வாய் திறந்துகொள்ளாமல் இருக்க நாடியைத் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்த துணி அவருடைய சொந்தச் சரக்குதான். ராஜபாளையத்தில் மில் வேலையில் இருந்து நின்ற பிறகு அவர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி எடுத்துத் தென்காசி வரைக்கும் மருந்துக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். புதிய கடையில் நுழைந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். பாவம், தாகமாக இருக்கிறார் போல என்று கொடுப்பார்கள். அதில் ஒரு துண்டுத் துணியைப் போட்டு, "பாத்தியளா, பட்டதும் எப்படிக் குடிக்கி! நல்ல துணின்னா தாகத்தோட இருக்கணும்" என்பார். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கும் இதைச் செய்து காட்டாமல் விடமாட்டார். சின்ன வயதில் செல்வலட்சுமிக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருக்கும்.

காலையில் இருந்து அப்பாவுக்கு நடந்ததை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டர், "எக்ஸ்பையர் ஆயிட்டாரும்மா" என்றார். அந்தச் சொல்லை அவள் மாத்திரை அட்டையில்தான் பார்த்திருக்கிறாள். நர்ஸ், "முடிஞ்சிருச்சு" என்றாள். அப்பாவுக்குப் பங்காளி முறையில் தம்பியான ரத்தினம் சித்தப்பா, போனில் எல்லோரிடமும் "அண்ணன் தவறிட்டாரு" என்றார். எதிர்வீட்டு ராஜுக்கள் தங்களுக்குள் தெலுங்கில் "போயினாரு" என்று பேசிக்கொண்டார்கள். மில்லில் கூட வேலை பார்த்த ஜோயல் வந்து, "இளைப்பாறப் போயிட்டான்மா" என்று அவள் தலையில் கை வைத்தார். பெட்டிக்காரனுக்கு அவர் பாடி. வெயில் ஏறியதும் அதுவும் இல்லாமல் போய், "எப்ப எடுக்கீய?" என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. யாரை என்று ஒருவரும் சொல்லவில்லை.

இவ்வளவு பேர் இவ்வளவு சொல்லியும் உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரு சொல்லை மட்டும் எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். அதை நாய்க்கும் கோழிக்கும் என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. செல்வலட்சுமி எந்தச் சொல்லையுமே சொல்லவில்லை. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் நைட் ஷிப்டில் இருந்த அண்ணன் காமராஜிடம் போனில், "அண்ணே, கெளம்பி வா" என்றுதான் சொன்னாள். திருப்பூரில் இருந்த வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொன்னாள். அவர்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. தன் வாயால் சொல்லாத வரைக்கும் விஷயம் முழுசாக நடந்து முடியவில்லை என்று அவள் மனதில் ஒரு மூலை நம்பிக்கொண்டிருந்தது. அது முட்டாள்தனம் என்று தெரிந்தும் அந்த மூலையை அவள் கலைக்கவில்லை.

கேத வீட்டில் பேச்சுக்கும் கட்டுப்பாடு உண்டு. வருகிறவரை 'வாங்க' என்று கூப்பிடக் கூடாது. போகிறவர் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. வருகிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், போகிறவர்கள் எழுந்து போனார்கள். வாசலில் செருப்புகள் கூடுவதையும் குறைவதையும் வைத்துத்தான் வரவும் போக்கும் தெரிந்தது. ஜோயல் மட்டும் பழக்கத்தில் "வாரேம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா இருந்திருந்தால் இதை ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பார்.

பந்தல் போட்டு முடித்து, குளிப்பாட்டுவதற்குப் பெஞ்சைக் கழுவிப் போட்ட பிறகுதான் ரத்தினம் சித்தப்பா அதைக் கேட்டார்.

"மூணு மணிக்கு வண்டி வந்துரும். எண்ணெய் வைக்க ஆரம்பிச்சிரலாம். நாச்சியாரக்கா எங்க? உள்ளயா இருக்காவ?"

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். அப்பாவின் அக்கா நாச்சியார் அத்தை உள்ளே இல்லை. வரவே இல்லை.

"நீங்க சொல்லலையா சித்தப்பா?" என்றான் காமராஜ்.

"நா எப்படிடா போன்ல சொல்லுவேன்? அக்காவுக்கு நேர்லதான் சொல்லணும். நீ ஆள் அனுப்பிருப்பன்னு இருந்தேன்."

"நா வந்ததே எட்டு மணிக்கு. செல்வி சொல்லிருப்பான்னு நெனச்சேன்."

செல்வலட்சுமி இல்லையென்று தலையாட்டினாள். அவள் யாருக்குமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. ஊரெல்லாம் தெரிந்துவிட்டது, பேண்டேஜ் துணி வாங்கும் கடைக்காரர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அப்பாவோடு கூடப் பிறந்த ஒரே ஆளுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில், அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறவளுக்குச் சொல்ல விட்டுப்போயிருந்தது. அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று ஆளுக்கு ஆள் விட்டதில் வந்த வினை.

அவர்கள் வகையறாவில் ஆண் இறந்தால் தலையில் முதல் எண்ணெய் உடன்பிறந்தவள் கையால்தான் வைக்க வேண்டும். அவள் வராமல் குளிப்பாட்ட முடியாது, குளிப்பாட்டாமல் எடுக்க முடியாது. அதைவிட, நாச்சியார் அப்பாவுக்கு வெறும் அக்கா இல்லை. கைக்குழந்தையில் தாயை இழந்த தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். கல்யாணமாகிப் போகும்போதும் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனதாக அப்பாவே சொல்லுவார்.

ரத்தினம் போன் போட்டார். அத்தையின் மருமகள் ஜெயபாய் எடுத்தாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"தெரியும் மாமா. காலையில காமராஜ் வச்ச ஸ்டேட்டஸ அடுப்படியில நின்னு பாத்துட்டு நாந்தேன் கத்திட்டேன். அத்த என்னன்னு கேட்டாவ, காட்டுனேன். போன வாங்கிச் செத்த நேரம் பாத்தாவ. பொறவு போயிக் குளிச்சிட்டு, கோடி வேட்டிய மடியில வச்சிக்கிட்டு வாசல்ல சேரப் போட்டு ஒக்காந்துட்டாவ. கெளம்புவமான்னா, சேதி வரலையேங்காவ. நீங்க செத்தப் பேசுங்க."

"அக்கா, நா ரத்தினம்..." என்று ஆரம்பித்தார் சித்தப்பா.

"குருசாமி வீட்டு ஆளு நேர்ல வரணும்." நாச்சியாரின் குரலில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. போன் நின்றுவிட்டது.

ரத்தினம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "மதினி போனப்ப அண்ணனே பஸ் ஏறிப் போயி அக்காவுக்குச் சொன்னாரு. பொண்டாட்டியப் பறிகொடுத்தவன் போகக் கூடாதுன்னு அம்புட்டுப் பேரும் தடுத்தோம். அக்காவுக்கு நாஞ் சொல்லாம ஆரு சொல்லுவான்னு போயிட்டாரு. தெருவுல நின்னு சொல்லிட்டுத் திரும்பி வந்தாரு. அது அக்காவுக்கு மறக்குமா?"

"நா போறேன்" என்று சாவியை எடுத்தான் காமராஜ்.

"கொள்ளி வைக்கவன் வீட்ட விட்டு எறங்கக் கூடாதுலே."

"அப்ப நா போறேன்" என்றாள் செல்வலட்சுமி. வீட்டில் ஆட்கள் கூடிய பிறகு அவள் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

பொம்பளைப் பிள்ளையைக் கேதம் சொல்ல அனுப்புவதா என்று உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்கு வேறு யோசனை இல்லை என்பதால் அடங்கிவிட்டது. ரத்தினம் வாசல் வரைக்கும் கூட வந்தார்.

"நல்லாக் கேட்டுக்கோ. படி ஏறாத. அந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்காத. அவியளத் தொடாத. சொன்னதும் திரும்பிரு. வாரேன்னு சொல்லிராத, திரும்பிப் பாக்காத. வண்டியில கூட்டியாறேன்னு நிக்காத. அவிய தனியாத்தேன் வரணும்."

"ஏன் சித்தப்பா?"

"சேதி சொல்லப் போறவ தீட்டோட போறா. அத அடுத்த வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாதுல்லா." சொல்லிவிட்டு அவருக்கே அது போதாமல் பட்டதோ என்னவோ, "அப்படித்தாம்மா வச்சிருக்காவ" என்றார்.

மதுரை ரோட்டில் வெயில் உருகிக்கொண்டிருந்தது. இடது பக்கம் மலை கூடவே வந்தது. காலையில் எழுந்ததில் இருந்து அவள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. எடுக்கும் வரைக்கும் பெற்ற பிள்ளைகள் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். யாரும் கொடுக்கத்தான் இல்லை, அவளும் கேட்கவில்லை. ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே அவள் என்ன சொல்வதென்று யோசித்தாள். அத்தே, அப்பா தவறிட்டாரு. அது சித்தப்பாவின் சொல். அத்தே, அப்பா நம்மள விட்டுப் போயிட்டாரு. அது காமராஜ் வைத்த ஸ்டேட்டஸில் ரோஜாப்பூ படத்துக்குக் கீழே இருந்தது. இயற்கை எய்தினார் என்பது போஸ்டரில் மட்டும் பேசுகிற பாஷை. அத்தை இருக்கும் தெருவில் கோயில் கைங்கரியக்காரர்கள் வீடுகளில் திருநாட்டுக்கு எழுந்தருளினார் என்பார்கள். அப்படிச் சொன்னால் அப்பா எங்கோ மாலையும் கழுத்துமாகக் கிளம்பிப் போன மாதிரி ஆகிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் அவர் அப்படிப் போகவில்லை.

இத்தனை சொற்கள் எதற்கு இருக்கின்றன என்று அவளுக்கு ரோட்டில் வைத்து எரிச்சலாக வந்தது. சூடான பாத்திரத்தைப் பிடிக்கத் துணி தேடுவது போல ஊர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறது. ஒருவருக்கும் கை சுடக் கூடாது. அவளுக்கும் அதில் ஒன்று போதும். எதிரே வந்த லாரி ஹாரன் அடித்த பிறகுதான் நடு ரோட்டுக்கு வந்துவிட்டது தெரிந்தது. ஓரமாக நிறுத்தி, ஒரு புளிய மரத்தடியில் செத்த நேரம் அழுதாள். பிறகு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். தூரத்தில் கோபுரம் தெரிந்தது.

அத்தையின் தெருவில் வழக்கமான பகல் நடந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் பால்கோவாவுக்குப் பால் சுண்டும் வாசம் வந்தது. நாச்சியார் வாசல் நடையில் பிளாஸ்டிக் சேரில், முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். நரைத்த தலையை எண்ணெய் வைத்து வாரி இறுக்கமாக முடிந்திருந்தாள். மடியில் மஞ்சள் பை. பையின் வாயில் புது வேட்டியின் கரை தெரிந்தது. எங்கோ கல்யாணத்துக்குக் கிளம்பி ஆட்டோவுக்குக் காத்திருக்கிறவளைப் போலத்தான் இருந்தாள்.

வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, சித்தப்பா சொன்னதெல்லாம் மறந்து செல்வலட்சுமி நேரே படிக்கு வந்தாள். இந்த வாசலில் அவள் ஒருநாளும் நின்றதில்லை. வந்த வேகத்தில் அடுப்படி வரைக்கும் போய்விடுகிறவள்.

"அங்கயே நில்லு" என்றாள் அத்தை.

தூக்கிய காலை அவள் கீழே வைத்தாள். சிமெண்ட் தரை செருப்பையும் தாண்டிச் சுட்டது.

ஜெயபாய் உள்ளே இருந்து ஓடி வந்தாள். அவள் கையில் ஒரு செம்பில் தண்ணீர் இருந்தது. கழுத்தில் நெளிவு விழுந்த பழைய பித்தளைச் செம்பு. வாரம் தவறாமல் இங்கே வரும் அப்பா, வந்ததும் அதைத்தான் கேட்டு வாங்கி, நின்றபடியே அண்ணாந்து குடிப்பார்.

"குடுக்காத" என்றாள் நாச்சியார்.

"அத்த, பிள்ள மொகத்தப் பாருங்க. வெயில்ல..."

"குடுக்காதங்கேன்ல. உள்ள கொண்டு போயி வையி."

ஜெயபாய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். செம்பில் இருந்து கொஞ்சம் தண்ணீர் தளும்பிப் படியில் விழுந்தது. செல்வலட்சுமி அதையே பார்த்தாள்.

"ஆரு வீட்டுல இருந்து வார?" என்று கேட்டாள் நாச்சியார்.

கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று ஒரு கணம் அவளுக்குப் பயமாக இருந்தது. அத்தையின் கண்கள் தெளிவாக இருந்தன. அவை பதிலுக்காகக் காத்திருந்தன.

"குருசாமி வீட்டுல இருந்து."

"அவனுக்கு நீ என்ன வேணும்?"

"மக."

"என்ன சேதி?"

"அத்தே, ஒங்களுக்குத்தான் தெரியும்ல..."

"எனக்கு என்னட்டி தெரியும்? படம் பாத்தேன். படத்துல சிரிச்சிக்கிட்டு இருக்கான். ஒன் கல்யாணத்துல நானும் அவனும் நின்னு எடுத்த படம் அது. என்னய வெட்டிட்டு அவன மட்டும் போட்டிருக்கான் ஒங்கண்ணன். என் தோளு மட்டும் ஓரத்துல நிக்கி. அதப் பாத்து நா என்னன்னு நெனைக்க?"

செல்வலட்சுமிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "அப்பா தவறிட்டாரு அத்தே" என்றாள். அது அப்படியே ரத்தினம் சித்தப்பாவின் குரலில் வந்தது. அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

நாச்சியார் அசையவில்லை. "ஊரு வாயால சொல்லாத. ஒன் வாயால சொல்லு. அதுக்குத்தான காலையில இருந்து ஒக்காந்திருக்கேன்."

தெருவில் ஒரு பால்காரர் சைக்கிளில் போனார். இருவரையும் பார்த்துவிட்டு மணி அடிக்காமல் போனார்.

"அப்பா செத்துப்போயிட்டாரு அத்தே."

 அதோடு அவளால் நிறுத்த முடியவில்லை. காலையில் இருந்து யாரும் கேட்காததெல்லாம் அடைத்த வாயில் இருந்து வந்தது. "விடியக்கால நெஞ்சு வலிக்குன்னாரு. ஆட்டோவுல என் மடியிலதான் தல வச்சிருந்தாரு. பேசிக்கிட்டேதான் வந்தாரு. ஆஸ்பத்திரி கேட்டு கிட்ட வரும்போது என் கைய இறுக்கிப் புடிச்சாரு. பொறவு விட்டுட்டாரு. அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. டாக்டரு பொறவுதான் சொன்னாரு. அப்பா ஆட்டோவுலயே செத்துப்போயிட்டாரு. நா மட்டுந்தான் பாத்தேன்."

நாச்சியார் கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்.

"தண்ணி கேட்டானா?"

இந்தக் கேள்வியைச் செல்வலட்சுமி எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். இந்த வாசலில் வைத்து அதற்கு அவளுக்கு வாய் வரவில்லை.

"கேட்டாரு. பாட்டில எடுக்காம அவசரத்துல கெளம்பிட்டேன். ஆஸ்பத்திரி வந்துருச்சுப்பா, போனதும் குடிப்பம்னு சொன்னேன்."

நாச்சியார் சேரை விட்டு எழுந்தாள். அவ்வளவு நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த உடம்பு நின்றதும் கூனிப்போனது. முடிந்திருந்த கொண்டையை ஒரு இழுப்பில் அவிழ்த்துவிட்டாள். "நீ வந்து சொல்லுத வரைக்கும் அவன உசுரோட வச்சிருந்தேன்ட்டி" என்றாள். "விடியுங்குள்ள போனவன உச்சி வரைக்கும் வச்சிருந்தேன். இனி முடியாது. போ. திரும்பிப் பாக்காமப் போ. நா பின்னால வாரேன்."

அவள் கைகள் இரண்டும் முன்னால் நீண்டு, பிறகு நினைவு வந்ததுபோலத் தாழ்ந்தன. இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று படிதான் இருந்தது. செல்வலட்சுமி ஓடிப்போய் அந்த மடியில் விழுந்து கதறியிருப்பாள், யாராவது ஒரு வார்த்தை சரி என்று சொல்லியிருந்தால். ஒருவரும் சொல்லவில்லை. அவள் திரும்பி நடந்தாள்.

வண்டியை எடுக்கும்போது பின்னால் அத்தையின் குரல் எழுந்தது. "நா பெத்த ராசா" என்று ஆரம்பித்தது, தான் பெறாத பிள்ளையை நினைத்து. தெருக் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்கூட்டியின் கண்ணாடியில் பார்த்தால் அது திரும்பிப் பார்த்ததில் சேருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சித்தப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தாள். தலைவிரி கோலமாகத் தெருவில் இறங்கி நின்ற அத்தை, அவள் போகிற திசையைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

ராஜபாளையம் வந்து சேர்ந்ததும் அவள் கை கால் கழுவிவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "சொல்லிட்டியா?" என்றார் ரத்தினம். தலையை ஆட்டினாள். மனதில் அவள் காத்துவந்த மூலை காலியாகியிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். காலையில் இருந்து அந்தக் கண்ணாடி வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இப்போதுதான் அவர் செத்துப்போனவராகத் தெரிந்தார். அவள் சத்தம் போட்டு அழுதாள். பக்கத்தில் இருந்த பெண்கள் நகர்ந்து வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் அழுது ஓய்வதற்குள் தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. வண்டி வீட்டுக்கு முன்னால் வரக் கூடாது என்று முனையிலேயே இறங்கிக்கொண்டு நாச்சியார் நடந்து வந்தாள். எதிர்கொண்டு கட்டிப்பிடித்து அழப் பெண்கள் எழுந்து போனார்கள். கட்டிப்பிடிக்க வாய்ப்பில்லாமல் அவள் இரண்டு கையிலும் பித்தளைச் செம்பை ஏந்தியிருந்தாள். மேலே ஒரு தட்டு மூடியிருந்தது. சேலையின் முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. கோடி வேட்டிப் பையை ஜெயபாய் பின்னால் கொண்டுவந்தாள்.

"பெட்டியத் திறங்க" என்றாள்.

"எண்ணெய் எடுக்கட்டுமாக்கா?" என்றார் ரத்தினம்.

"எண்ணெய் பொறவு."

காமராஜும் இன்னொருவரும் கண்ணாடி மூடியைத் தூக்கினார்கள். குளிர் வெளியே வந்தது. நாச்சியார் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செம்பைச் செல்வலட்சுமியிடம் நீட்டினாள்.

"ஒங்கிட்டத்தான கேட்டான். நீயே குடு. பாதி அவனுக்கு, மீதி ஒனக்கு. வழியில சிந்தினது போக இம்புட்டுத்தான் இருக்கு."

செம்பு வெயிலில் வந்த சூட்டோடு இருந்தது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, கையில் தண்ணீர் விட்டு, அப்பாவின் உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். உதடு திறக்கவில்லை. தண்ணீர் வாயோரமாக வழிந்து நாடிக்கட்டுக்கு இறங்கியது. துணி பட்டதும் குடித்துக்கொண்டது. மறுபடியும் விட்டாள். அதையும் குடித்தது. ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை.